லெகோ ஸ்டாப் மோஷன் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்? பட்ஜெட் 15,000, டைரக்டர் வயது 12

திருச்சி_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேமரா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 12 வயது. இரண்டு வருடமாக லெகோ பைத்தியம். இந்தக் கோடை லீவில் அதை வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி துளி நகர்த்தி ஒரு போட்டோ, அப்படியே நாள் முழுக்க. கதை இதுதான்: ஒரு ஆள் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், அவன் போக வேண்டிய டவுன் பஸ் கிளம்பிவிடுகிறது, கிளாஸைக் கீழே வைக்க மறந்து கையோடு எடுத்துக்கொண்டு பஸ் பின்னால் ஓடுகிறான், டீக்கடைக்காரர் கிளாஸுக்காக அவன் பின்னால் ஓடுகிறார். ஒரு நிமிடப் படம். பஸ் கட்டவே நாலு நாள் ஆனது, சிவப்புக் கட்டை பத்தாமல் பின்பக்கம் மட்டும் நீலமாக இருக்கிறது, அதை கேமராவுக்குக் காட்டக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

என் பழைய போனில் 190 போட்டோ எடுத்து ஓட்டிப் பார்த்தோம். படம் முழுக்க மினுக்குகிறது. ஒன்று வெளிச்சம், அடுத்தது இருட்டு, நடுவில் பத்துப் படம் மஞ்சள் காமாலை. கல்யாண வீட்டு சீரியல் செட் தோற்றது. போதாததற்கு ஆள் ஓடும்போது பின்னால் அசையாமல் நிற்க வேண்டிய டீக்கடையும் சேர்ந்து மூச்சு வாங்குகிறது, லேசாகப் பெரிதாகிச் சின்னதாகிறது. மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கடையில் விசாரித்தால் ஒருவர் அதிக மெகாபிக்சல் உள்ள புதுப் போன் என்கிறார், இன்னொருவர் டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமரா) இல்லாமல் நடக்காது என்கிறார், ஆபீஸில் ஒரு பையன் வெப்கேம் போதும் சார் என்கிறான். 15,000 வரை செலவு செய்யலாம். சாதாரண விண்டோஸ் லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. எதை வாங்க?

மஞ்சத்தலை எழுதியது:

முதலில் பர்ஸை உள்ளே வையுங்கள் சார்.

உங்கள் போன் ரொம்பப் புத்திசாலி, அதுதான் வினை. ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் அது புதிதாக யோசிக்கிறது: எவ்வளவு வெளிச்சம், எந்த நிற விளக்கு, எதன்மேல் ஃபோகஸ். உங்கள் மகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அந்தச் சிவப்பு பளபளப்பான கட்டைமேல் விழும், உடனே போன் "ஓஹோ, சிவப்பு அதிகம்" என்று படத்தைப் பச்சை-நீலப் பக்கம் தள்ளும். அவள் நகர்ந்ததும் திரும்ப இழுக்கும். டீக்கடை மூச்சு வாங்குவது ஆட்டோ ஃபோகஸ் வேலை, லென்ஸ் முன்னும் பின்னும் போய் வரும்போது படத்தின் அளவும் கொஞ்சம் மாறும். ஒரு போட்டோவுக்கு இந்தப் புத்தி நல்லது. 190 போட்டோ ஒன்றுபோல வர வேண்டும் என்றால் நமக்குத் தேவை சொன்னதை மட்டும் செய்கிற ஒரு முட்டாள் கேமரா.

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். 1080 வீடியோவின் ஒரு ஃபிரேம் 1920க்கு 1080, பெருக்கிப் பாருங்கள், 2 மெகாபிக்சல்தான். 4கே என்றாலும் 8 சொச்சம். கடைக்காரர் சொல்லும் மீதியெல்லாம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை நிரப்பத்தான்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையாதீர்கள். அதே போனில் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ என்ற செயலியைப் போடுங்கள், இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குப் போதும், சில வசதிகளுக்கு மட்டும் காசு கேட்கும். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் பூட்டுங்கள். போன மாத ஃபிரேமை ஆவி மாதிரி திரையில் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியும் அதில் இருக்கிறது (போன ஃபிரேம் என்று எழுத வந்து போன மாதம் என்று எழுதிவிட்டேன், ஆனால் என் படங்களுக்கு அதுவும் உண்மைதான்). ஒவ்வொரு படத்துக்கும் திரையைத் தொட்டால் போன் அரை மில்லிமீட்டராவது ஆடும், அதனால் செயலியிலேயே இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று டைமர் வையுங்கள். 10 நொடி. நகர்த்து, கையை எடு, கிளிக். ஃப்ளைட் மோடில் போட மறக்காதீர்கள், நடுவில் மாமியார் போன் வந்தால் பூட்டிய செட்டிங் எல்லாம் அவிழ்ந்துவிடலாம்.

அப்புறம் வெளிச்சம். ஜன்னலை அடைத்துவிடுங்கள். வெயில் நமக்காக நிற்காது, மேகம் ஒன்று போனாலே ஒரு ஷாட் போச்சு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் அதனால் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் சராசரியாகி மறைந்துவிடும். பொம்மைதான் அசையாமல் நிற்கிறதே, கால் நொடி திறந்து வைத்தாலும் கேடில்லை. இரண்டு எல்இடி டேபிள் விளக்கு, எடுப்பவருக்கு ஒரு கருப்புச் சட்டை. பேஸ்பிளேட்டை (அடியில் இருக்கும் லெகோ தட்டு) டேபிளில் புளூ டேக் (பிசைந்து ஒட்டும் பசை) வைத்து ஒட்டுங்கள்.

இன்னொன்று, உங்கள் 190 போட்டோ நொடிக்கு 12 வீதம் 16 நொடிதான் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 720 வேண்டும். லெகோ படம் எடுப்பவர்கள் பலர் 15 வைப்பார்கள், அப்படியானால் 900. டைரக்டரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

ரிச்சிதெரு_ரவுண்டு எழுதியது:

மேலே சொன்ன லைட் விஷயம் எல்லாம் சரி. ஆனால் போனில் ஒரு தலைவலி, அது உங்கள் போன். ஆபீஸ் போக வேண்டும் என்று காலையில் ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் ஷாட் முடிந்தது, சாயங்காலம் அதே இடத்தில் வைக்கவே முடியாது. அதற்காகவே வெப்கேம். வாங்கி ஒட்டிவிட்டால் ஒரு மாதம் அங்கேயே கிடக்கும், லேப்டாப்பிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பேட்டரி கிடையாது, மெமரி கார்டு கிடையாது, எடுத்தது அந்த நொடியே பெரிய திரையில் தெரியும். சின்னப் பிள்ளைக்கு இது ரொம்ப முக்கியம்.

கொஞ்சம் காசு இருந்தால் லாஜிடெக் சி920. 1080 வரும், ஆட்டோ ஃபோகஸை அதன் சொந்த மென்பொருளில் அணைத்துவிட்டு ஸ்லைடரால் நாமே ஃபோகஸ் வைக்கலாம், பொம்மைக்குக் கிட்டத்தட்ட ஒரு சாண் தூரத்துக்கும் உள்ளே போகலாம். காசு வேண்டாம் என்றால் சி270. 720தான், ஃபோகஸ் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டது, அதாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு. பக்கத்தில் வைத்தால் மங்கும். ஆனால் முன்மூடியைக் கழற்றினால் உள்ளே லென்ஸ் ஒரு திருகு மாதிரி இருக்கும், அதை அசையாமல் பிடித்திருப்பது ஒரு பொட்டுப் பசை. அதைச் சுரண்டிவிட்டு இடப்பக்கமாகக் கொஞ்சம் திருகினால் லென்ஸ் வெளியே வரும், ஃபோகஸ் கிட்டே வரும். வாரண்டி போகும், சொல்லிவிட்டேன். லெகோ படம் எடுப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

பெயர் தெரியாத "4கே வெப்கேம்" எதையும் தொடாதீர்கள். நான் ஆன்லைனில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். பெட்டியில் 4கே என்று கொட்டை எழுத்து, படத்தைப் பார்த்தால் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. எக்ஸ்போஷரைப் பூட்டவும் வழியில்லை. நம் வேலைக்கு அந்த ஒரு வசதி இல்லாத கேமரா ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம். விண்டோஸில் கேமராவின் ப்ராப்பர்டீஸ் பெட்டியைத் திறந்தால் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் பக்கத்தில் ஆட்டோ என்று டிக் இருக்கும். அந்த டிக்கை எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மென்பொருளுக்கு போட்ஸ் அனிமேட்டர் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, வெப்கேமுக்கென்றே செய்தது.

திருச்சி_அப்பா எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி (டீக்கடைத் தோரணம் பறக்கிறதாம்), எல்லாவற்றையும் பூட்டி 60 படம் எடுத்தோம். மினுக்கல் முக்கால்வாசி போய்விட்டது! மீதி இருந்ததற்குக் காரணத்தை மகளே கண்டுபிடித்தாள். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு விளக்கு ஒரு இமைப்பொழுது சோம்புகிறது. 12 வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், கவனித்ததே இல்லை.

ஆனால் புதுப் பிரச்சினை. டீ கிளாஸ் மட்டும் திரை நிறையத் தெரிகிற ஒரு க்ளோசப் வேண்டும் என்கிறாள், அது இல்லாமல் கதையே இல்லையாம். போனை நெருக்கிக் கொண்டு போனால் ஒரு இடத்துக்கு மேல் மங்கிவிடுகிறது. போனில் மேக்ரோ கேமரா என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் எடுத்தால் கிளாஸ் தெரிகிறது, ஆனால் எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி.

பழைய_லென்ஸ் எழுதியது:

கோவையில் கல்யாண போட்டோகிராபர் நான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அந்த இரண்டு மாதமும் பையனின் லெகோவைத் திருடி இதே வேலைதான் செய்கிறேன். அதனால் டிஎஸ்எல்ஆர் பக்கம் கொஞ்சம் பேச வேண்டும்.

க்ளோசப் என்று வந்துவிட்டால் பழைய டிஎஸ்எல்ஆருக்கு ஈடு கிடையாது. செகண்ட் ஹேண்டில் கேனான் 600டி, கூட வரும் 18-55 கிட் லென்ஸ், தேடினால் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். 2011-ல் வந்த கேமரா, பழசுதான், ஆனால் திரை பக்கவாட்டில் திரும்பும், மாடத்துக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாரும் மேக்ரோ லென்ஸ் வாங்கு என்பார்கள். தேவையில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கிட் லென்ஸ் 25 செ.மீ. வரை கிட்டே போகும், அப்போது பொருளின் அளவில் 0.34 பங்கு சென்சாரில் (உள்ளே படத்தைப் பதியும் சில்லு) விழும். சென்சார் அகலம் 22.3 மி.மீ. அப்படியானால் படத்துக்குள் வருவது ஆறரை செ.மீ. அகலம், லெகோ கணக்கில் கட்டைமேல் இருக்கும் எட்டுக் குமிழ். லெகோ ஆளின் உயரம் சுமார் 4 செ.மீ., உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஃபிரேமை நிரப்பிவிடுவான். கிளாஸ் மட்டும் வேண்டுமென்றால் 18 மெகாபிக்சல் படத்தில் நடுவில் இருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம், வெளியே போவது 2 மெகாபிக்சல்தானே. மெகாபிக்சலுக்கு ஏதாவது உபயோகம் உண்டென்றால் இதுதான். மற்ற ஷாட்டுக்கெல்லாம் எஸ்1 அளவில், அதாவது 2592க்கு 1728-ல் எடுங்கள், 1080க்கு அது தாராளம்.

இப்போது கெட்ட செய்தி. இவ்வளவு கிட்டே போனால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் படுமோசம். எஃப் 11 என்று லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி வைத்தாலும் சுமார் 5 மி.மீ.தான் தெளிவாக இருக்கும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மி.மீ., அதைவிடக் குறைவு. ஆள் டீ குடிக்கக் கையை முன்னால் நீட்டினால் முகம் தெளிவு, கிளாஸ் மங்கல். சின்ன சென்சார் உள்ள போனிலும் வெப்கேமிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நான் டிஎஸ்எல்ஆர் கட்சி என்றாலும் இதை மறைக்க முடியாது.

அடுத்தது, எல்லாவற்றையும் மேனுவலில் போட்ட பிறகும் மினுக்கும். தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். காரணம் லென்ஸுக்குள் இருக்கும் துவாரம். ஒவ்வொரு படத்துக்கும் அது திறந்து மூடும், மூடும்போது ஒரு தடவை மாதிரி மறு தடவை துல்லியமாக நிற்காது, மயிரிழை வித்தியாசம். தனிப் படத்தில் தெரியாது, ஓட்டினால் தெரியும். இதற்கு ஒரு கைவைத்தியம்: டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை (துவாரத்தை மூடிக் காட்டுவது) அழுத்தியபடியே லென்ஸ் கழற்றும் பட்டனையும் அழுத்தி, லென்ஸைக் கொஞ்சமே கொஞ்சம் திருகுங்கள். மின்தொடர்பு விட்டுப்போகும், துவாரம் மூடிய இடத்திலேயே உறைந்து நிற்கும். முழுக்கத் திருகிக் கையில் எடுத்துவிடாதீர்கள். இன்னும் நல்ல வழி, துவாரத்தைக் கையாலேயே திருகும் பழைய நிக்கான் 50 எம்எம் ஒன்றை அடாப்டர் போட்டு கேனானில் மாட்டுவது. நிக்கான் லென்ஸ் சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி நிற்க வேண்டியது, கேனானில் 44, அந்த இடைவெளியில் மெல்லிய வளையம் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்துவிடும். இது ஏழைகளின் குறுக்குவழி என்று நினைக்காதீர்கள், 2005-ல் வந்த 'கார்ப்ஸ் பிரைட்' என்ற ஸ்டாப் மோஷன் படத்தையே கேனான் 1டி மார்க் 2 உடலில் நிக்கான் லென்ஸ் மாட்டித்தான் எடுத்தார்கள். கிட்டே போக நடுவில் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்) ஒன்று போதும்.

என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் 340-வது ஃபிரேமில் பேட்டரி தீர்ந்தது. லைவ் வியூ (திரையில் படம் ஓடிக்கொண்டே இருப்பது) பேட்டரியைக் குடிக்கும் என்று தெரிந்தும் வேறொன்று சார்ஜில் போடவில்லை. அதுவாவது பரவாயில்லை, பேட்டரி மூடி அடிப்பக்கம், என் ட்ரைபாட் தட்டு அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழற்றி மாற்றி அதே இடத்தில் வைக்க ஒன்றரை மணி நேரம் போராடினேன், பழைய ஃபிரேமோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெருவே ஒரு டிகிரி சாய்ந்திருந்தது. பூகம்பம் வந்ததாகக் கதையை மாற்றினேன். மறுநாள் வாங்கியது டம்மி பேட்டரி, பேட்டரி வடிவத்தில் ஒரு கட்டை, அதிலிருந்து வயர் வந்து சுவர் பிளக்கில் போகும். டிஎஸ்எல்ஆர் வாங்கினால் அதையும் கையோடு வாங்குங்கள். லென்ஸில் ஐஎஸ் சுவிட்சை (கை நடுக்கத்தைச் சமன் செய்வது) அணையுங்கள், ஸ்டாண்டில் நிற்கும்போது அது சும்மா இருக்காது.

கல்யாண போட்டோகிராபர் விற்கும் கேமராவை மட்டும் வாங்காதீர்கள், ஷட்டர் ஓடித் தேய்ந்திருக்கும். நானே சொல்கிறேன், நம்புங்கள்.

ரிச்சிதெரு_ரவுண்டு எழுதியது:

அண்ணா, எல்லாம் சரி, ஆனியன் ஸ்கின்னுக்கு என்ன வழி என்று சொல்லவில்லையே? கேனான் கொடுக்கும் இலவச மென்பொருளில் லைவ் வியூ லேப்டாப்பில் தெரியும், ஆனால் அது ஸ்டாப் மோஷனுக்கென்று செய்தது இல்லை. டிராகன்ஃபிரேம் என்ற ஸ்டாப் மோஷன் மென்பொருள் அருமையானது, பெரிய ஸ்டூடியோக்களே அதைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் விலையைப் பார்த்தால் இவர் பட்ஜெட்டை அதுவே முழுங்கிவிடும். 12 வயசுப் பிள்ளைக்கு லென்ஸைத் திருகிப் பாதியில் நிறுத்து என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள், நியாயமா?

பழைய_லென்ஸ் எழுதியது:

நியாயமான கேள்விதான். நான் செய்தது: கேமரா திரைமேல் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒரு துண்டு ஒட்டி, பொம்மையின் ஓரத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வேன். அடுத்த ஃபிரேமில் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். துடைத்துத் துடைத்து விரல் எல்லாம் மை. சரி, ஒப்புக்கொள்கிறேன், முதல் கேமரா வெப்கேமாகவே இருக்கட்டும். பிள்ளைக்கு இரண்டு வருடம் கழித்தும் இதே ஆசை இருந்தால் என்னிடம் வரட்டும்.

ஹேர்னிங்_தமிழன் எழுதியது:

நான் டென்மார்க்கில் இருக்கிறேன், அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆக்கள். எங்கட ஊரிலிருந்து லெகோ பிறந்த பில்லுண்டுக்கு காரில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை, அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

2000-ஆம் ஆண்டு லெகோவே ஒரு படப்பிடிப்புப் பெட்டி விட்டது, ஸ்பீல்பெர்க்கின் பெயர் போட்டு. அதுக்குள் லாஜிடெக் செய்த யூஎஸ்பி கமரா ஒன்று, மேலே கீழே லெகோ குமிழ் வைத்து, நேராகக் கட்டையிலேயே பொருத்தலாம். எனக்கு அப்ப பத்து வயது, அப்பா சரியான விலை என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தந்தார். அதின் படம் எவ்வளவு தெரியுமோ? 352க்கு 288. இப்ப ஒரு குட்டிப் படம்கூட அதைவிடப் பெரிது. ஆனால் ஃபோகஸை முன்னால் இருக்கிற வளையத்தைக் கையால் திருப்பித்தான் வைக்க வேணும், வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். மஞ்சத்தலை மேலே சொன்ன முட்டாள் கமரா அதுதான். அதில் எடுத்தவை இன்னும் என்னிடம் இருக்கு, மங்கல்தான், ஆனால் டீக்கடை மூச்சு வாங்கவில்லை!

இந்தக் கலை அதுக்கும் முந்தியது. 1973-இலேயே இங்கே இரண்டு டெனிஷ் பெடியன்கள், ஒருவனுக்கு உங்கட மகளின் வயதுதான் இருக்கும், லெகோவை வைத்துச் சந்திரனுக்குப் போகிற படம் ஒன்றை சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்திருக்கிறார்கள். ஃபிலிமைக் கழுவி வரும் வரைக்கும் என்ன வந்தது என்று பார்க்கவும் ஏலாது. இன்னும் கை கால் அசைகிற லெகோ ஆள் வராத காலம், அவர் வந்தது 1978-இல்.

ஒரு விஷயம் ஒருவரும் சொல்லவில்லை. லேப்டாப் திரையைக் கட்டைகளுக்கு நேரே வைக்காதேங்கோ. திரையில் படம் மாற மாற அதின் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் விழும், அதுவும் மினுக்கும். எனக்கு இது விளங்க இரண்டு கிழமை ஆனது.

மஞ்சத்தலை எழுதியது:

திரை வெளிச்சம்! நாலு வருடமாக எடுக்கிறேன், ஏன் ஒரு பக்கம் மட்டும் துடிக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நன்றி அண்ணா.

பை_பையன் எழுதியது:

ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவு குட்டிக் கம்ப்யூட்டர்) ஹெச்க்யூ கேமரா பற்றி யாரும் பேசவில்லையே? 12 மெகாபிக்சல், ஆட்டோ ஃபோகஸே கிடையாது, லென்ஸில் ஃபோகஸ் வளையம், துவார வளையம் இரண்டும் கையால் திருகுவது, திருகி ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம். பழைய_லென்ஸ் அண்ணா சொன்ன துவார மினுக்கல் வரவே வராது. ஆனால் பை போர்டு, லென்ஸ் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும், கொஞ்சம் கமாண்ட் அடிக்கத் தெரிய வேண்டும்.

ரிச்சிதெரு_ரவுண்டு எழுதியது:

அவர் கேட்டது கேமரா. நீ கொடுப்பது இன்ஜினியரிங் காலேஜ்.

திருச்சி_அப்பா எழுதியது:

மன்னிக்கவும், ஆறு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, லைட் பாயாக வேலை பார்த்தேன்.

கடைசியில் சி270 வாங்கினோம். சி920 வாங்கலாம் என்றுதான் கிளம்பினேன், மகள் கூட வந்தாள், சின்னதில் லென்ஸைத் திருகலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அவளுக்கு அதுதான் வேண்டும். மிச்சக் காசில் இரண்டு எல்இடி டேபிள் விளக்கு, ஒரு வளையும் கழுத்து ஸ்டாண்ட், புளூ டேக், அப்புறம் பஸ்ஸின் பின்பக்கத்துக்குச் சிவப்புக் கட்டை. 15,000-ல் பாதிகூடத் தொடவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு அறுவைச் சிகிச்சை. முன்மூடியை நகத்தால் நெம்ப முடியவில்லை, பழைய ஏடிஎம் கார்டு உதவியது. உள்ளே ரிச்சிதெரு சார் சொன்ன மாதிரியே ஒரு பொட்டுப் பசை. ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் முள்ளால் சுரண்டினேன், மகள் டார்ச் பிடித்தாள், மனைவி "புது சாமான்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முதலில் லென்ஸ் அசையவே இல்லை, பிறகு டக்கென்று ஒரு சத்தம், உயிரே போய்விட்டது, பசைதான் விட்டிருக்கிறது. லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே மயிரளவு மயிரளவாகத் திருகினோம். எங்கள் சுவர், மேஜை, என் மூக்கு எல்லாம் மங்கிக்கொண்டே போக, நடுவில் அந்த டீ கிளாஸ் மட்டும் தெளிந்து வந்தது. கிளாஸ் என்றால் ஒரு விரல்நகம் அளவு ட்ரான்ஸ்பரன்ட் உருளை, அதற்குள் ஒரு பழுப்புக் கட்டை. திரையில் பார்த்தால் ஒரு வாளி அளவுக்கு இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது ஒரு கேமரா க்ளோசப்புக்கு, தூர ஷாட் எல்லாம் போனில், பூட்டி வைத்து. வெப்கேம் நிறமும் போன் நிறமும் கொஞ்சம் வேறுபடுகிறது, அது எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். ஃப்ரிட்ஜை ஷூட்டிங் நேரத்தில் அணைக்கலாமா என்று கேட்டாள், பால் திரிந்துவிடும் என்று மனைவி வீட்டோ போட்டுவிட்டாள், அதனால் விளக்கு இரண்டையும் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறோம், மின்னழுத்தம் இறங்கினாலும் இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை.

410 ஃபிரேம் முடிந்தது. ஆனால் நேற்று ஓட்டிப் பார்த்தபோது புதிதாக ஒன்று. டீக்கடைக்காரர் முகம் க்ளோசப்பில் வரும்போது கன்னத்தில் என் மகளின் விரல் ரேகை தெரிகிறது, அதுவும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு வேறு இடத்தில். அவர் முகத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. அந்த 35 ஃபிரேமையும் திரும்ப எடுக்க வேண்டுமாம். ஸ்கூல் திறக்க ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதை எதால் துடைப்பது?

பழைய_லென்ஸ் எழுதியது:

மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிளிக் அடிப்பதற்கு முன்னால். சிப்ஸ் சாப்பிட்ட கையோடு பொம்மையைத் தொடக்கூடாது என்று டைரக்டரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.